புது வில் வாங்கினால் குறி தப்பாதா?

போன ஆண்டு மார்ச் மாதம். பள்ளி முடிந்து, புறப்பாட நடவடிக்கைக்காக மாணவர்கள் திடலில் கூடியிருந்த நேரம். வில்வித்தைக் கழகத்தைச் சேர்ந்த படிவம் இரண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு தாளை நீட்டினான். அதில் ஒரு வில்லின் படத்தை அச்செடுத்திருந்தான். கார்பன் அம்புகளும் சேர்த்து விலை 1,350 ரிங்கிட்.

"டீச்சர், இதை வாங்கினா என் ஸ்கோர் ஏறுமா?"

மாவட்டப் போட்டிக்குப் பள்ளி அணியைத் தேர்வு செய்ய இன்னும் பத்து வாரம் இருந்தது. அவனுடைய அப்பா லாரி ஓட்டுநர். மகன் கேட்டதும், இரண்டு மாதம் கூடுதல் நேரம் ஓட்டி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். அதனால்தான் பையனுக்கும் தயக்கம். வாங்கிய பிறகு ஸ்கோர் ஏறாவிட்டால் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நான் கழகத்தின் பொறுப்பாசிரியை என்றாலும், அம்பு எய்வதில் சுமார்தான். "ஏறும்" என்றோ "ஏறாது" என்றோ வாய்க்கு வந்தபடி சொல்ல முடியவில்லை. ஆனால் இது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி. "அப்பாகிட்ட ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லு. அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

நாங்கள் எப்படி அளந்தோம், என்ன கண்டோம் என்பதை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது வில்லாக இல்லாமல் பூப்பந்து மட்டையாகவோ காற்பந்துக் காலணியாகவோ இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இரண்டு வகைப் பிழை

படிவம் ஒன்று அறிவியலில் 'கெஜித்துவான்', 'கெபெர்சிசான்' என்ற இரண்டு சொற்களைப் படித்திருப்பீர்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருக்கவும் வாய்ப்புண்டு. இலக்குத் தாளின் முன்னால் நின்றால் அவை மறக்காது.

ஒருவர் எய்த ஆறு அம்புகளும் ஒரு கைப்பிடி அளவு இடத்துக்குள் நெருக்கமாகக் குத்தியிருக்கின்றன. ஆனால் அந்தக் கூட்டம் நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. இவரிடம் கெபெர்சிசான், அதாவது ஒரே சீரான தன்மை, நன்றாக இருக்கிறது. கெஜித்துவான், அதாவது சரியான இடத்தைத் தொடும் தன்மை, குறைவு. எல்லா அம்பையும் ஒரே பக்கம் தள்ளும் இந்தப் பிழையை முறையான பிழை என்கிறோம்.

இன்னொருவரின் அம்புகள் மேலே ஒன்று, கீழே ஒன்று, வலப்பக்கம் இரண்டு என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் சராசரி இடம் நடுவில் இருக்கலாம். ஆனால் அடுத்த அம்பு எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. இது சீரற்ற பிழை.

முறையான பிழையைத் திருத்தக் காசு தேவையில்லை. வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவியைச் சற்று நகர்த்தினால் போதும். அம்புகள் இடப்பக்கம் போனால் கருவியையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். அப்போது வில் தானாகச் சற்று வலப்பக்கம் திரும்பும். எங்கள் மாணவனின் அம்புக் கூட்டத்தின் நடுப்புள்ளி இடப்பக்கம் 12 செண்டிமீட்டர் தள்ளி இருந்தது. ஒரு திருகாணியைத் திருகியதில் அந்தப் பிழை போய்விட்டது. பல மாதமாக அவன் அதைக் கவனிக்கவே இல்லை. காரணம், அவன் ஸ்கோரை மட்டும் எழுதி வந்தான். அம்புகள் எங்கே குத்தின என்பதைக் குறித்து வைக்கவில்லை.

மீதி இருந்தது சிதறல். அதற்குக் காரணம் வில்லா, கையா? அதுதான் 1,350 ரிங்கிட் கேள்வி.

கருவியின் பிழையைப் பிரித்தெடுத்தல்

முதலில் ஆறு அம்புகளிலும் 1 முதல் 6 வரை எண் எழுதினோம். 30 மீட்டர் தூரத்தில், 122 செண்டிமீட்டர் அகல இலக்குத் தாளில் அவன் எய்தான். ஒவ்வொரு முறையும் எந்த எண் அம்பு எங்கே குத்தியது என்பதை நோட்டில் வட்டம் போட்டுக் குறித்தோம். பன்னிரண்டு சுற்றில் 72 குறிப்புகள் கிடைத்தன.

அம்பில் கோளாறு இருந்தால், அந்த அம்பு எப்போதும் ஒரே பக்கம் விலகும். கையில் கோளாறு என்றால், எந்த அம்பும் எந்தப் பக்கமும் போகும். எங்கள் நோட்டில் 5ஆம் எண் அம்பு பன்னிரண்டில் ஒன்பது முறை வலப்பக்கம் போயிருந்தது. எடுத்துப் பார்த்தால், நாணில் மாட்டும் அதன் பின்முனைப் பிளாஸ்டிக்கில் மெல்லிய விரிசல். அப்படிப்பட்ட அம்பை எய்வது ஆபத்து. சில ரிங்கிட்டில் அந்தப் பிளாஸ்டிக்கை மாற்றினோம். மற்ற ஐந்து அம்புகளில் அப்படி எந்த ஒழுங்கும் தெரியவில்லை. அவை எல்லாப் பக்கமும் சிதறியிருந்தன.

அடுத்தது வில். வார இறுதியில் வரும் பயிற்றுநரிடம் அதே பழைய பள்ளி வில்லையும் அதே அம்புகளையும் கொடுத்து, அதே தூரத்தில் 36 அம்புகள் எய்யச் சொன்னோம். பிறகு இருவரின் அம்புகளையும் ஒரே முறையில் அளந்தோம். கூட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வோர் அம்பும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துச் சராசரி எடுத்தோம். கணக்கு எளிதாக இருக்க, இங்கே முழு எண்ணாகத் தருகிறேன்.

மாணவனின் சிதறல் 25 செண்டிமீட்டர்.
பயிற்றுநரின் சிதறல் 7 செண்டிமீட்டர்.

இந்த 7 செண்டிமீட்டரில் பயிற்றுநரின் சொந்தப் பிழையும் கலந்திருக்கிறது. ஆகவே, வில்லும் அம்பும் சேர்ந்து செய்யும் பிழை 7 செண்டிமீட்டருக்கு மேல் இருக்க முடியாது. பழைய வில்லுக்கு மிகவும் பாதகமாகவே கணக்குப் போடுவோம் என்று, முழு 7 செண்டிமீட்டரையும் வில்லின் தலையில் போட்டோம்.

பைதகரஸ் சொல்லும் பதில்

இப்போது உங்களில் பலர், "25இல் 7 போனால் 18. நல்ல வில் வாங்கினால் சிதறல் 18 ஆகக் குறையும்" என்று நினைப்பீர்கள். எங்கள் மாணவனும் அப்படித்தான் சொன்னான். அது தவறு.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பிழைகள் நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. ஒரு முறை கை இடப்பக்கம் தவறும்போது வில்லும் இடப்பக்கம் தள்ளும், விலகல் பெரிதாகும். இன்னொரு முறை கை இடப்பக்கமும் வில் வலப்பக்கமும் தள்ளும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டும். பல அம்புகளை எய்து பார்க்கும்போது, இரண்டு பிழைகளும் செங்கோண முக்கோணத்தின் இரு சிறிய பக்கங்களைப் போலச் சேர்கின்றன. மொத்தப் பிழை கர்ணம். அதாவது நீங்கள் கணிதத்தில் படித்த பைதகரஸ் தேற்றமே இங்கும் வேலை செய்கிறது.

கையின் பிழையைக் கண்டுபிடிப்போம். 25இன் வர்க்கம் 625. 7இன் வர்க்கம் 49. கழித்தால் 576. அதன் வர்க்கமூலம் 24.

அதாவது, கையின் பிழை 24 செண்டிமீட்டர், கருவியின் பிழை 7, மொத்தம் 25. இனி மூன்று வழிகளை ஒப்பிடுங்கள்.

முதல் வழி: பிழை பாதியாகக் குறைந்த புது வில் வாங்குவது. கருவியின் பிழை 3.5 ஆகும். மொத்தச் சிதறல் 24.25. லாபம் முக்கால் செண்டிமீட்டர்.

இரண்டாம் வழி: பிழையே இல்லாத ஒரு வில். உலகில் அப்படி ஒன்று கிடையாது, இருந்தாலும் வைத்துக்கொள்வோம். மொத்தச் சிதறல் 24. லாபம் ஒரே ஒரு செண்டிமீட்டர்.

மூன்றாம் வழி: பழைய வில்லையே வைத்துக்கொண்டு, பயிற்சியால் கையின் பிழையை 24இலிருந்து 18 ஆகக் குறைப்பது. மொத்தச் சிதறல் 19.3. லாபம் ஏறக்குறைய 6 செண்டிமீட்டர்.

122 செண்டிமீட்டர் இலக்குத் தாளில் ஒவ்வொரு புள்ளி வளையத்தின் அகலமும் 6.1 செண்டிமீட்டர். ஆக, மூன்றாம் வழியில் அம்புக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி கூடும். 36 அம்புகளுக்கு முப்பதுக்கும் மேல். முதல் வழியில், 1,350 ரிங்கிட் செலவழித்த பிறகு, கிடைப்பது நாலைந்து புள்ளிகள்தான்.

வர்க்கப்படுத்தும்போது பெரிய எண் மிகப் பெரிதாகிறது, சிறிய எண் அதன் நிழலில் மறைந்துவிடுகிறது. எனவே எந்த அளவீட்டிலும் முதலில் பெரிய பிழையைத் தேட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அறிவியலாளர்கள் செய்வதும் இதுதான்.

ஒரு மில்லிமீட்டர் போதும்

கை எப்படி 24 செண்டிமீட்டர் பிழை செய்கிறது? மாணவன் அவ்வளவு மோசமாகவா நடுங்குகிறான்? இல்லை. மிகச் சிறிய அசைவே போதும்.

நாணை இழுத்த பிறகு, இழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையில் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அந்த இடம் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்பின் நீளம் சுமார் 70 செண்டிமீட்டர், அதாவது 700 மில்லிமீட்டர். பின்முனை 1 மில்லிமீட்டர் இறங்கினால், அம்பின் சாய்வு 700இல் 1 மாறுகிறது. வடிவொத்த முக்கோணக் கணக்கின்படி, 30 மீட்டர் தாண்டியதும் அம்பு ஏறக்குறைய 4.3 செண்டிமீட்டர் விலகியிருக்கும். ஒலிம்பிக் வில்வித்தையின் தூரமான 70 மீட்டரில் அதே ஒரு மில்லிமீட்டர் 10 செண்டிமீட்டராக வளரும். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரமோ 6.1 செண்டிமீட்டர்தான். பாகையில் சொன்னால், நடுப்புள்ளியிலிருந்து 0.05 பாகை விலகினாலே பத்துப் புள்ளி போய்விடும்.

தாடையில் கை நிற்கும் இடம், நாணை விடும்போது விரல்கள் திறக்கும் வேகம், வில்லைப் பிடித்த கையின் அழுத்தம், தோளின் உயரம், மூச்சு. இவை ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலே 24 செண்டிமீட்டர் வந்துவிடும். இவற்றில் எதையும் கடையில் வாங்க முடியாது.

பழக்கம் எங்கே பதிகிறது?

"கை பழகிவிட்டது" என்று சொல்வோம். உண்மையில் பழகுவது கை மட்டுமல்ல, மூளை. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள், கை எங்கே இருக்கிறது, எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்ற செய்தியை ஓயாமல் மூளைக்கு அனுப்புகின்றன. மூளையின் பின்பக்கம் உள்ள சிறுமூளை, நினைத்த அசைவையும் நடந்த அசைவையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு இருந்தால், அடுத்த முறைக்கான கட்டளையைச் சற்றுத் திருத்துகிறது. இப்படித் திருத்தத் திருத்த நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் மாறி, அசைவு சீராகிறது.

இதற்குச் சான்றாக ஒருவரைச் சொல்லலாம். ஹங்கேரி நாட்டின் கைத்துப்பாக்கி வீரர் கரோலி தக்காச், இராணுவத்தில் பணியாற்றியவர். 1938இல் பயிற்சியின்போது கையெறி குண்டு ஒன்று வெடித்து அவரது வலக்கை கடுமையாகக் காயமுற்றது. அவர் சுட்டுப் பழகிய கை அது. அவர் இடக்கையால் பழகத் தொடங்கினார். 1939இல் ஹங்கேரியின் தேசியப் போட்டியில் இடக்கையால் சுட்டு வென்றார். போரால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவில்லை. 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். வலக்கைக்குத் தெரிந்தது எல்லாம் வலக்கையிலேயே இருந்திருந்தால், அவர் ஒரே ஆண்டில் மீண்டிருக்க முடியாது. குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, விசையை அழுத்தும் நேரத்தை உணர்வது எல்லாம் அவரது மூளையில் இருந்தன. இடக்கை புதிதாகக் கற்க வேண்டியது மீதியைத்தான்.

மூளைக்குக் கற்க நேரமும் ஓய்வும் வேண்டும். பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்கள் விசைப்பலகை பழகியதைப் பற்றி 1978இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உளவியலில் மிகவும் பேசப்படுவது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள் எழுத்துகளைக் கற்க ஏறக்குறைய 35 மணி நேரம் எடுத்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களுக்கு அதே பாடத்துக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் தேவைப்பட்டது. இடைவெளிவிட்டுப் பழகும்போது ஒவ்வொரு மணி நேரமும் அதிகம் பயன்படுகிறது. அன்று கற்ற அசைவு தூக்கத்தில் மேலும் உறுதிப்படுகிறது என்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தேர்வுக்கு முந்தைய நாள் இரவெல்லாம் கண் விழித்துப் படிப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு.

எங்கள் பயிற்சித் திட்டம்

பயிற்றுநர் வகுத்துக் கொடுத்த திட்டம் மிகவும் எளிமையானது. வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம்.

முதல் பதினைந்து நிமிடம் இலக்குத் தாளே கிடையாது. வைக்கோல் பலகைக்கு முன் மூன்று மீட்டரில் நின்று எய்ய வேண்டும். புள்ளிகள் இல்லாததால் மனம் ஸ்கோரைத் தேடாது. கை தாடையில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனிக்கலாம்.

அடுத்த இருபது நிமிடம் இலக்குத் தாளில் எய்ய வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்த வேண்டும். இன்று விரல், நாளை தோள். ஐந்தையும் ஒரே நேரத்தில் திருத்த முயன்றால், எது பலன் தந்தது என்று தெரியாது. ஆய்வில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கச் சொல்கிறோமே, அதே விதி.

கடைசிப் பத்து நிமிடம் நோட்டு. எங்கே குத்தியது, கை என்ன உணர்ந்தது என்று எழுத வேண்டும். கை சோர்ந்துவிட்டால் அன்று அதோடு நிறுத்திவிட வேண்டும். சோர்ந்த கையோடு தொடர்ந்தால், மூளை தவறான அசைவையும் அதே அக்கறையோடு கற்றுக்கொள்ளும்.

வேட்டைக்காரரின் அறிவு

இந்தக் கணக்கை நம் நாட்டுக் காடுகளில் வாழ்ந்தவர்கள் தாளில் எழுதாமலே அறிந்திருந்தார்கள். தெமியார், செமாய் போன்ற ஓராங் அஸ்லி மக்களின் ஊதுகுழலை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். மலாயில் சும்பிட் என்பார்கள். ஏறக்குறைய 2 மீட்டர் நீள மூங்கில் குழல். அதனுள்ளே, பனை வகை மரத்தின் ஓலை நரம்பைச் சீவிச் செய்த மெல்லிய அம்பு. அம்பின் நுனியில் ஈப்போ மரத்தின் பால். இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு அது. பேராக்கின் ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்ததும் அந்த மரம்தான்.

இந்தக் கருவியில் குறிபார்க்கும் கண்ணாடி இல்லை, அளவுகோல் இல்லை. தூரம் கூடினால் அம்பின் வேகமும் குறியும் குறைந்துவிடும். அதை ஈடுகட்டுவது வேட்டைக்காரரின் அறிவு. விலகல் என்பது கோணம் பெருக்கல் தூரம். கோணத்தைக் குறைக்க முடியாவிட்டால் தூரத்தைக் குறைக்கலாம். 30 மீட்டரில் 25 செண்டிமீட்டர் சிதறும் கைக்கு, 15 மீட்டரில் ஏறக்குறைய 12 செண்டிமீட்டர்தான் சிதறும். பாதித் தூரம் ஓசையின்றி நெருங்கத் தெரிந்தால், கருவியை மாற்றாமலே பிழை பாதியாகிறது. எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, விலங்கு எந்த நேரத்தில் வரும் என்பதை அறிவதும், சருகு நொறுங்காமல் கால் வைப்பதும் பல ஆண்டுகள் பெரியவர்களோடு நடந்து பழகியவை.

இன்னொன்றும் உண்டு. திடலில் குறி தப்பினால் ஒரு புள்ளி போகும். காட்டில் குறி தப்பினால் ஓர் உயிர் காயத்தோடு தப்பி ஓடி, நாள்கணக்கில் துன்பப்படும். தன் கையின் பிழை எவ்வளவு என்று தெரிந்தவர்தான், "இந்தத் தூரத்தில் நான் எய்யக் கூடாது" என்று முடிவெடுக்க முடியும். விலையுயர்ந்த கருவியை நம்பித் தொலைவிலிருந்து முயல்பவரைவிட, எய்யாமல் திரும்புபவரே திறமையான வேட்டைக்காரர்.

மாணவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் நாட்டில் துப்பாக்கியும் வேட்டையும் உரிமம் இல்லாமல் கூடாது. வனவிலங்குகளைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உண்டிவில்லால் பறவைகளைக் குறிபார்ப்பதும் விளையாட்டு அல்ல.

அப்படியானால் நல்ல கருவியே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் ஒரு கையைக் காற்சட்டைப்பையில் விட்டபடி, வழக்கமான மூக்குக்கண்ணாடியோடு சுட்டு, கலப்பு இரட்டையர் 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளி வென்றார். அந்தப் படம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். "எந்தக் கருவியும் இல்லாமல் வென்றார்" என்று பலர் பகிர்ந்தார்கள். அது முழு உண்மை அல்ல. அவர் கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்யப்பட்ட நல்ல துப்பாக்கி. அவர் விட்டுவிட்டது, மற்ற வீரர்கள் பலர் அணியும் சிறப்புக் கண் வில்லைகளையும் மறைப்புகளையும்தான். அப்போது அவருக்கு வயது 51. 2008 முதல் அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். படத்தில் தெரியாதது அந்த ஆண்டுகள்.

கருவி எப்போது முக்கியம் என்பதையும் அதே பைதகரஸ் சொல்வார். ஒருவரின் கைப்பிழை 5 செண்டிமீட்டராகக் குறைந்துவிட்டது, கருவியின் பிழை 7. மொத்தம் 8.6. இப்போது பாதிப் பிழையுள்ள கருவி வாங்கினால் மொத்தம் 6.1 ஆகிவிடும். இது பெரிய லாபம். ஒலிம்பிக் வீரர்கள் நல்ல கருவிக்குச் செலவழிப்பது இதனால்தான். கையின் பிழை குறையக் குறைய, மொத்தப் பிழையில் கருவியின் பங்கு கூடுகிறது.

மேலும், பாதுகாப்புக்கான செலவைத் தள்ளிப்போடக் கூடாது. நைந்த நாண், விரிசல்விட்ட அம்பு, இழுக்க முடியாத அளவு கனமான வில், உயரத்துக்குப் பொருந்தாத குட்டை அம்பு ஆகியவற்றை உடனே மாற்ற வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வில் இல்லாதவர்களும் இதை வகுப்பறையில் சோதிக்கலாம். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சிறிய குறி போடுங்கள். நான்கு மீட்டர் தள்ளி நின்று, அரிசி நிரப்பித் தைத்த சிறிய துணிப்பையை முப்பது முறை எறியுங்கள். ஒவ்வொரு முறையும் பை நின்ற இடத்தைக் குறியுங்கள். குறிகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு குறியும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து சராசரி எடுங்கள். அது உங்கள் மொத்தச் சிதறல்.

பிறகு வகுப்பிலேயே நன்றாக எறியும் நண்பரிடம் அதே பையைக் கொடுங்கள். அவருடைய சிதறலின் வர்க்கத்தை உங்கள் சிதறலின் வர்க்கத்திலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். பையைக் குறை சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து, நாளுக்குப் பத்து நிமிடம் என்று இரண்டு வாரம் பழகிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் அருகருகே எழுதுங்கள்.

அந்தத் தாள்

அளந்து முடித்த வாரம் அவனுடைய அப்பா சனிக்கிழமை காலையில் திடலுக்கு வந்தார். நோட்டைக் காட்டி விளக்கினேன். 7, 24, 25 என்ற முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ வில்லு வேணாமா டீச்சர்?" என்று கேட்டார். "இப்போதைக்கு வேணாங்க. அவன் நேரா வீட்டுக்குப் போகாம முக்கால் மணி நேரம் இங்க இருக்கட்டும், அது போதும்" என்றேன். கூடுதல் நேரம் ஓட்ட வேண்டாம் என்பதில் அவருக்கு நிம்மதியா, மகனுக்கு ஆசைப்பட்டதை வாங்கித் தர முடியவில்லை என்று வருத்தமா என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

பத்து வாரத்தில் மாணவனின் சிதறல் 25இலிருந்து 19 ஆனது. அணிக்கு நால்வரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் ஐந்தாவதாக வந்தான். பேருந்தில் மாற்று வீரனாகத்தான் போனான். அன்று மாலை அவன் முகம் வாடித்தான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நோட்டோடு திடலுக்கு வந்துவிட்டான்.

இந்த ஆண்டு அவன் படிவம் மூன்று. போன மாதம் மீண்டும் ஒரு தாளை நீட்டினான். வில்லின் படம்தான் என்று நினைத்தேன். ஒரு முக்கோணம் வரைந்திருந்தான். மொத்தச் சிதறல் 12, கருவி 7, கை 9.7. கீழே, புது வில் வாங்கினால் 10.4 என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

"இன்னும் கை தானே டீச்சர் பெருசா இருக்கு. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, பள்ளியின் பழைய வில்லை எடுக்கப் போனான்.